பார்வையற்ற குழந்தைக்கு விளையாட்டு வழியே தமிழ்ப் பிரெயில்: வீட்டில் தொடங்குவது எப்படி?

பிரெயில் (விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து) பொம்மை கேட்டு ஊரெல்லாம் அலைந்தால் மூன்று பதில்கள் கிடைக்கும். ஒன்று, விலை கேட்டதும் திரும்பி வரவைக்கும் வெளிநாட்டுப் பெட்டி. இரண்டு, 'பிரெயில்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தும் விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படாத பலகை. மூன்று, 'பள்ளிக்கூடம் போனதும் தானாக வந்துவிடும்' என்ற அறிவுரை. மூன்றையும் கடந்து வந்த பெற்றோர் என்ற முறையில், உங்கள் அலைச்சலைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் வசிக்கும், மூன்று முதல் ஏழு வயதுக்குள் பார்வையற்ற குழந்தை இருக்கும் வீட்டை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். எழுத்தைப் படிக்காமல் ஆட்டம் நகரக் கூடாது. பொம்மைமேல் பிரெயிலை ஒட்டிவைப்பது எளிது. அதைப் படிக்காமலே விளையாட முடியும் என்றால் குழந்தை ஏன் படிக்கப்போகிறது?

1. முதலில் விண்ணப்பங்களைப் போட்டுவிடுங்கள்

காகித வேலை நடக்கும் மாதங்களில் நீங்கள் பொம்மை செய்துகொண்டிருக்கலாம். அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாமல் அரசு உதவி எதுவும் நகராது. ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். குழந்தையின் ஆதார், ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். பிறப்புச் சான்றிதழும் இதுவரை கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த எல்லாச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை. சான்றிதழுக்கு விதிப்படி மூன்று மாதம் வரை ஆகலாம். ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயரோ இன்ஷியலோ ஓர் எழுத்து மாறியிருந்தால், அதைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த பிறகு திருத்துவது இரட்டை வேலை.

அடுத்தது 'அடிப்' என்ற மத்திய அரசுத் திட்டம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பவர்களுக்கு இதில் உதவிக் கருவிகள் கிடைக்கும். குடும்ப மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் என்றால் முழுச் செலவும், 30,000 வரை என்றால் பாதியும் அரசுடையது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 60 ரூபாய். பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு: ஒரு கருவியை வாங்கினால் அதே தேவைக்கு அடுத்த மூன்றாண்டுக்குக் கேட்க முடியாது; 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்தக் காலம் ஓராண்டு. எனவே கருவி வழங்கும் முகாமில் எதையோ நீட்டினார்கள் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். குழந்தையின் வயதுக்கு எது வேண்டும் என்று சிறப்பு ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

கேட்க வேண்டிய இடங்கள்: உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையம், சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்குப் பூந்தமல்லியில் உள்ள என்.ஐ.இ.பி.வி.டி. (பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம்) மண்டல மையம். எங்கே போனாலும் எல்லாச் சான்றுகளிலும் இரண்டு நகல் கூடுதலாக இருக்கட்டும். நகல் கடை எப்போதும் அலுவலகத்துக்கு எதிர்த்திசையில்தான் இருக்கும்.

2. நீங்கள் பிரெயில் கற்றுக்கொள்ளுங்கள்

கண்ணால் பார்த்துப் படிக்கப்போகும் உங்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. உயிரெழுத்துக்கு ஒரு மாலை, மெய்க்கு ஒரு வாரம் போதும்.

ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் அதே போல 4, 5, 6. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறையில் அ என்பது 1. க என்பது 1, 3. ல என்பது 1, 2, 3. ம என்பது 1, 3, 4. ஆங்கிலத்தின் கே, எல், எம் எழுத்துகளுக்கும் இதே புள்ளிகள்தாம். ஆகவே தமிழ் கற்கும் குழந்தைக்குப் பாதி ஆங்கில எழுத்து இலவசமாக வந்துவிடுகிறது.

பார்வையுள்ள பெற்றோர் தடுமாறும் இடங்கள் இரண்டு. நாம் கெ, கே, கை என்று எழுதும்போது கொம்பை முன்னால் போடுகிறோம். பிரெயிலில் எப்போதும் மெய் முதலில், உயிர் பிறகு: 'கை' என்றால் க, அடுத்து ஐ. 'கொ' என்றால் க, அடுத்து ஒ. முன்னும் பின்னும் குறி போடும் தொல்லை இல்லை. இரண்டாவது, மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. அதற்கு 4-ஆம் புள்ளி மட்டும் உள்ள தனிக் கட்டம் உண்டு. அது மெய்க்கு முன்னால் வரும். 'அம்மா' என்று எழுத ஐந்து கட்டங்கள் வேண்டும்: அ, மெய்க்குறி, ம, ம, ஆ.

3. எழுத்துக்கு முன் விரல்

இந்தப் படிக்குச் செலவே இல்லை, ஆனால் பெரும்பாலோர் தாவிச் செல்வது இதைத்தான். பிரெயில் படிக்க விரல்நுனி நுணுக்கம் வேண்டும்; எழுத மணிக்கட்டு வலு வேண்டும்.

சப்பாத்தி மாவைப் பிசையவிடுங்கள். துணி மாட்டும் கிளிப்பைக் கயிற்றில் மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். கொண்டைக்கடலையும் பச்சைப்பட்டாணியும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். அது சலித்ததும் துவரம்பருப்பும் உளுந்தும். அட்டையில் நூலை இடமிருந்து வலமாக ஒட்டி, அதன் முடிவில் ஒரு பொத்தானை வையுங்கள். இரண்டு கையாலும் நூலைத் தடவிக்கொண்டே போய்ப் பொத்தானைப் பிடிப்பதுதான் ஆட்டம். பின்னாளில் வரி மாறாமல் படிக்க உதவுவது இந்தப் பழக்கமே. சிறு குழந்தையிடம் பருப்பையோ பொத்தானையோ கொடுத்துவிட்டு அகலாதீர்கள். மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்வார்கள்.

4. ஆறு குழி

முப்பது முட்டை அடுக்கும் காகிதத் தட்டிலிருந்து, இரண்டு வரிசைக்கு மூன்றாக ஆறு குழியை வெட்டியெடுங்கள். கடைக்காரர் தட்டைச் சும்மாவே கொடுப்பார். குழிக்குள் போட எலுமிச்சம்பழமோ பிளாஸ்டிக் பந்தோ போதும். 'ஒன்று, மூன்று!' என்று நீங்கள் கூவ, குழந்தை பந்தைப் போட்டு 'க!' என்று சொல்ல வேண்டும். பிறகு குழந்தை கூவட்டும், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். தப்பாகப் போட்டுப் பாருங்கள், திருத்துவதில் எவ்வளவு குஷி என்று தெரியும்.

பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது. பலகையைக் குழந்தைக்கு நேரே நெடுக்காக வைத்து, அருகிலுள்ள ஆறு குழியை விட்டுவிட்டு மற்றவற்றைத் துணியால் மூடிவிடலாம். துணியை எடுத்ததும் அது பழைய பல்லாங்குழி. சோழியை எண்ணி எண்ணிப் போடும் அந்த ஆட்டத்தில் மாற்ற வேண்டியது எதுவுமில்லை. பாட்டியும் பேத்தியும் சரிக்குச் சரியாக விளையாடலாம்.

5. எழுத்து வில்லைகள்: முதலில் மூலையை வெட்டுங்கள்

தீப்பெட்டி அளவில் தடித்த அட்டைகளை நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. ஃபேன்சி கடையில் கிடைக்கும் ஒட்டும் அரைமுத்து இதற்குத் தோதானது. ஒரு தாள் சில பத்து ரூபாய்க்குள் வந்துவிடும். வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்தால் ஈரத்தில் மேடாக இருக்கும், காய்ந்ததும் படுத்துவிடும். பசைத் துப்பாக்கியும் துணியில் வரையும் அவுட்லைனரும் நிற்கும்.

புள்ளி வைப்பதற்கு முன், எல்லா வில்லையிலும் மேல் வலது மூலையைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். இதைச் செய்யாத வில்லைகள் குப்பைக்குத்தான் போகும். காரணம் இதுதான்: தலைகீழாகப் பிடித்தால் அ என்பது ஃ ஆகிவிடும். ம என்பது ங ஆகும். ல என்பது ள ஆகும். குழந்தை சரியாகத்தான் படித்திருக்கும். நாம் 'தப்பு' என்று சொல்லிக்கொண்டிருப்போம். வெட்டிய மூலை எங்கே என்று விரல் தேடிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தகராறு இல்லை.

வில்லையின் அடியில் அதே எழுத்தை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவையுங்கள். அண்ணன், அக்காள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர வேண்டாமா?

6. எந்த எழுத்து முதலில்?

அரிச்சுவடி வரிசையில் போகாதீர்கள். தமிழ்ப் பிரெயிலில் சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்: ல–ள, இ–ஏ, ஈ–எ, ஓ–ஔ, ட–ழ. இந்த ஜோடிகளில் ஒன்று விரலில் நன்றாகப் படிந்த பிறகே மற்றது. அரிச்சுவடியில் இ முடிந்ததும் ஈ, அதற்குச் சற்றுத் தள்ளி எ, ஏ என்று நான்கும் நெருக்கி வந்து நிற்கும்; குழப்பத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

நான் சொல்லும் வரிசை: அ, ல, ஐ, ம, ட. அரிச்சுவடியில் ஒன்பதாவதாக வரும் ஐ-யை ஏன் மூன்றாவதாக இழுத்துவர வேண்டும்? அதற்கு 3, 4 என்று இரண்டே புள்ளிகள். அது வந்தவுடன் சொற்கள் கொட்டும். அலை, மலை, அடை, மடை எல்லாம் மெய்க்குறி தேவைப்படாத சொற்கள். அடுத்து வ சேர்த்தால் வலை, வடை. இ சேர்த்தால் இலை, இடை. ல-வுக்கும் வ-வுக்கும் 6-ஆம் புள்ளி ஒன்றுதான் வித்தியாசம் என்பதால் அவற்றுக்கு நடுவில் சில நாள் இடைவெளி விடுங்கள். ட-வுக்கும் த-வுக்கும் அதே கதை. தனி எழுத்தை வாரக்கணக்கில் உருப்போடுவதைவிட, 'வடை' என்று மூன்று வில்லையை அடுக்கியதும் தட்டில் வடை வந்து விழுவது குழந்தைக்கு நன்றாகப் புரியும்.

7. உண்மை அளவுக்குச் சீக்கிரம் இறங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

உண்மையான பிரெயிலில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர். உயரம் சுமார் அரை மில்லிமீட்டர். ஒரு கட்டம் முழுவதும் விரல்நுனிக்குள் அடங்கிவிடும். படிப்பவர்கள் புள்ளியை எண்ணுவதில்லை, உருவத்தை ஒரே தொடுதலில் பிடிக்கிறார்கள். முட்டைத் தட்டும் அரைமுத்தும் புள்ளியின் இடத்தைச் சொல்லிக்கொடுக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் அதிலேயே விட்டால், சிறிய எழுத்து வந்ததும் குழந்தை விரலால் மேலும் கீழும் தேய்த்து 'ஒன்று... மூன்று... நான்கு...' என்று எண்ண ஆரம்பிக்கும். அந்தத் தேய்ப்பைப் பார்த்தால், பெரிய பொம்மையைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். விரல் இடமிருந்து வலமாக, பூவைத் தொடுவது போல மெல்ல நகர வேண்டும். அழுத்தினால் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக் குழந்தையின் விரலைப் பிடித்து அழுத்தாதீர்கள்.

ஐந்து எழுத்து தெரிந்ததுமே சிறிய அளவைக் கலந்துவிடலாம். அதற்கு எங்கள் வீட்டில் நன்றாக எடுபட்டது டப்பா ஆட்டம். ஒரே மாதிரியான மூன்று டப்பாக்கள்: ஒன்றில் அடை, ஒன்றில் உப்பு, ஒன்று காலி. மூடியில் பிரெயில் சீட்டு. ஒரு டப்பாவைத்தான் திறக்கலாம். திறந்ததில் இருப்பது உங்களுக்கு. குலுக்கிப் பார்க்கக் கூடாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மகள் மூடியை முகர்ந்து பார்த்தே ஜெயித்துக்கொண்டிருந்ததால், பிறகு தின்பண்டத்துக்குப் பதில் 'இன்று கதை சொல்பவர் யார்' என்ற சீட்டை உள்ளே வைக்க வேண்டியதாயிற்று.

சீட்டு செய்ய பிரெயில் சிலேட்டும் (தாளைப் பிடித்துக்கொள்ளும் கட்டமிட்ட சட்டம்) ஸ்டைலஸும் (புள்ளி குத்தும் ஊசி) வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், அடிப் திட்டத்திலும் வரும். தாளுக்கு பழைய மாதக் காலண்டரும் கல்யாணப் பத்திரிகை அட்டையும் போதும். நீடித்து உழைக்க வேண்டுமானால் தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் குத்தி, இருபக்கம் ஒட்டும் நாடாவால் ஒட்டுங்கள். டப்பா சதுரமாக இருக்கட்டும். வட்ட மூடி சுழன்றால் எது மேல், எது கீழ் என்றே தெரியாது. வளைந்த பக்கவாட்டில் ஒட்டிய சீட்டு எண்ணெய் பட்டதும் உரிந்துவிடும். சாப்பிட்ட கையோடு படிக்க விட்டால் புள்ளிகள் சீக்கிரம் மழுங்கும்.

8. இருக்கும் ஆட்டங்களை மாற்றிக்கொள்வது

பித்தளைத் தாயக்கட்டையில் குழித்த புள்ளிகள் விரலுக்கே தெரியும். தாயக் கட்டத்தை மட்டும் தடித்த நூலால் ஒட்டிக் கொடுத்தால் போதும். பரமபதத்தில் பாம்புக்குக் கயிறு, ஏணிக்கு ஐஸ்கிரீம் குச்சி. காய் நகர்ந்துவிடாமல் இருக்க அடியில் ஒட்டும் பட்டை வையுங்கள். ஆனால் இங்கேயும் முதல் விதி உண்டு: கட்டத்தில் எண்ணைப் பிரெயிலில் வைத்து, எந்தக் கட்டம் என்று குழந்தையே படித்துச் சொல்ல வேண்டும்.

சீட்டுக் கட்டில் மேல் இடது மூலையிலும் சீட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கீழ் வலது மூலையிலும் சிலேட்டால் குத்திவிடலாம். எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரு மூலை சரியாக வரும். பிரெயில் பதித்த ஊனோ சீட்டுகளை மேட்டல் நிறுவனம் 2019 முதல் விற்கிறது, அது ஆங்கிலத்தில்.

9. காசு கொடுத்து வாங்குவதற்கு முன்

இணையத்தில் நான் வாங்கிய மரப்பலகை ஒன்றில் எழுத்துகள் அனைத்தும் இடவலம் மாறியிருந்தன. திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். வாங்குமுன் விற்பவரிடம் அளவுகோலை அருகில் வைத்து எடுத்த படம் கேளுங்கள். பார்க்க வேண்டியவை: புள்ளி மேடாக இருக்கிறதா, பள்ளமாகவா? பள்ளம் என்றால் வேண்டாம். 'ல' அல்லது ஆங்கில 'எல்' எழுத்தைத் தேடுங்கள். மூன்று புள்ளியும் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் பலகை முழுவதும் தலைமாற்று. சில பலகைகளில் அச்செழுத்தையே மேடாகச் செதுக்கிவிட்டுப் பிரெயில் என்று விற்கிறார்கள்.

லெகோ நிறுவனத்தின் பிரெயில் கட்டைகள் 2023 முதல் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஆங்கிலப் பெட்டியில் 287 கட்டைகள். அமெரிக்க விலை 89.99 டாலர், அனுப்பும் செலவும் சுங்கமும் தனி. தமிழுக்கு ஓரளவு உதவும்: அ, இ, உ, க, ச, த, ந, ப, ம, ய, ர, ல, வ ஆகியவற்றின் புள்ளிகள் ஆங்கில எழுத்துகளிலேயே இருக்கின்றன. ஆனால் ஆ, ட, ழ, ள, ன போன்றவை அந்த 26 எழுத்தில் இல்லை. வீட்டுக்கு வாங்க வேண்டிய பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு குமிழ் உள்ள சாதாரணக் கட்டைகளை வாங்கி, வேண்டாத குமிழைக் கூர்மையான கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்தால் எல்லாத் தமிழ் எழுத்தும் கைக்கு வரும். குமிழ்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர் என்பதை மறக்க வேண்டாம்; ஏழாம் படியில் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

10. எழுதத் தொடங்கும்போது

பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில், கை வலுத்த பிறகு. சிலேட்டில் தாளின் பின்பக்கம் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். 1-ஆம் புள்ளி வலப்பக்கம் வரும். எனவே இதுவரை இடது, வலது என்று சொல்லிப் பழக்கியிருந்தால் இங்கே முட்டிக்கொள்ளும். ஆரம்பத்திலிருந்தே புள்ளியின் எண்ணை மட்டும் சொல்லுங்கள். சிலேட்டில் 'முதலில் வரும் பக்கம் 1, 2, 3' என்றால் போதும். தட்டச்சு போல ஆறு விசையுள்ள பெர்க்கின்ஸ் பிரெயிலரில் இந்தச் சிக்கல் கிடையாது. அதன் விலை பல்லாயிரம் ரூபாய் என்பதால், பள்ளியிலோ வள மையத்திலோ இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளக் கேளுங்கள்.

எழுதியதைப் படிக்க ஆள் வேண்டும். வெளியூரில் இன்னொரு பார்வையற்ற குழந்தை இருந்தால் இருவரும் கடிதம் எழுதட்டும். பிரெயில் பதித்த தாளும் புத்தகமும் தரைவழி அஞ்சலில் 7 கிலோ வரை தபால்தலை இல்லாமல் போகும். உறையின்மேல் 'பார்வையற்றோருக்கான இலக்கியம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பிரித்துப் பார்க்கும் வகையில் மூடுங்கள். கவுன்டரில் 'தபால்தலை ஒட்டுங்கள்' என்றால் சண்டை வேண்டாம். போஸ்ட்மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். உறையைத் தட்டையாக வைத்து, மேலே முத்திரை ஓங்கிக் குத்தாமல் ஓரத்தில் குத்தச் சொல்வதும் நல்லது. இல்லாவிட்டால் முதல் வரியே நசுங்கிப் போய்ச் சேரும்.